எனக்காக அக்கா சொன்ன பதில்

1

எங்கள் பக்கத்தில் ஒரு பெண்ணைப் பார்த்து “நீ என்னவாகப் போகிறாய்?” என்று யாரும் கேட்பதில்லை. வயசு என்ன, எதுவரைக்கும் படித்தாய், இன்னும் பேச்சு எதுவும் வரவில்லையா என்று கேட்பார்கள். அந்தப் பேச்சு கல்யாணப் பேச்சு. என்னவாகப் போகிறாய் என்று முதன்முதலில் என்னிடம் கேட்டவர் ஓர் இத்தாலிக்கார அம்மாள். எனக்குப் புரியாத மொழியில் கேட்டார். என் சார்பில் அவருக்குப் போன பதிலும் எனக்குப் புரியாத மொழியில்தான் போனது.

போன ஞாயிற்றுக்கிழமை அதே கேள்வியை இரண்டாவது ஆள் ஒருத்தி என்னிடம் கேட்டாள். அவள் பெயர் லீசா. இன்னும் பெரிய பள்ளிக்கூடம் போகிற வயசு வரவில்லை. சரசக்காவின் மகள், எனக்கும் மகள் முறைதான். எனக்கு லீவு கிடைக்கிற ஞாயிறுகளில் நகரத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு டிராமில் போய் அக்கா வீட்டில் சாப்பிட்டுவிட்டு வருவது வழக்கம். அக்காவின் வீட்டுக்காரர் இத்தாலிக்காரர், எலக்ட்ரீசியன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பந்தாட்டம் பார்க்கப் போய்விடுவார். நாங்கள் மூன்று பெண்கள் மட்டும் இருப்போம். அக்காவும் நானும் தமிழ் பேசுவோம். லீசாவுக்குத் தமிழில் “வா”, “சோறு”, “வேண்டாம்” தெரியும். மற்றதெல்லாம் இத்தாலியன். என்னைச் சித்தி என்று கூப்பிடச் சொல்லிக்கொடுத்துப் பார்த்தேன். “சீயா” என்றுதான் கூப்பிடுகிறாள். இந்த ஊர்ப் பாஷையில் அத்தைக்கும் சித்திக்கும் ஒரே வார்த்தைதான், அதோடு போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

அன்றைக்கு லீசா தன் பொம்மைகளைச் சோபாவில் வரிசையாக உட்காரவைத்து, கையில் ஒரு மரக்கரண்டியோடு டீச்சர் வேஷம் போட்டுக்கொண்டிருந்தாள். பாலர் பள்ளியில் டீச்சர் எல்லாரிடமும் கேட்டாராம், பெரியவளானதும் என்ன செய்யப் போகிறாய் என்று. கரடிக்கு டிராம் ஓட்டவேண்டுமாம். ஒற்றைக்கண் பொம்மைக்கு டெலிவிஷனில் பாடவேண்டுமாம். கடைசியில் கரண்டியை என் பக்கம் நீட்டினாள். என்ன நடந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன்னால் என் பெரியப்பாவைப் பற்றிச் சொல்லவேண்டும். இல்லாவிட்டால் எனக்கு ஏன் அவ்வளவு வலித்தது என்று உங்களுக்குத் தெரியாமல் போகும்.

2

வடகரப்பதிப் பக்கம் எங்கள் தோட்டம். வீட்டில் பேசுவது கோயம்புத்தூர்த் தமிழ், வரி கட்டுவது கேரளத்துக்கு. சந்தையில் பேசுகிற மலையாளம் எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் புரியும். ஆபீஸ் மலையாளம் வேறு. தண்டப்பேர், கைவசாவகாசம் என்று அதிகாரி ஆரம்பித்துவிட்டால் தலையை ஆட்டிக்கொண்டு நிற்பார்கள். புரியவில்லை என்று சொன்னால் அவருக்கு மரியாதைக் குறைவு, நமக்கும் கௌரவக் குறைச்சல். அதற்காக வெறுங்கையோடு திரும்பிவிடமாட்டார்கள். அதிகாரி சொன்ன வாக்கியத்தை ஓசை மாறாமல் அப்படியே மனசில் வாங்கிக்கொண்டு வந்து, விஷயம் தெரிந்த ஒருவரிடம் சொல்லி அர்த்தம் கேட்பார்கள். தாலுகா ஆபீஸுக்குப் போய்விட்டு வருகிற அன்றைக்கு என் அப்பா பஸ்ஸில் யாரோடும் பேசமாட்டார். பேசினால் வாக்கியம் கலைந்துவிடும். அம்மா தண்ணீர்ச் சொம்பை நீட்டினால்கூட, இரு என்று கையைக் காட்டிவிட்டு நேராகப் பெரியப்பா வீட்டுக்கு நடப்பார்.

பெரியப்பா, அம்மாவின் அக்கா வீட்டுக்காரர். வாளையாரில் மர டிப்போ வேலைக்குப் போய்வந்தவர், மலையாளிகளோடே புழங்கியவர். தாத்தா தன் இரண்டு மகள்களுக்கும் கொடுத்த தோட்டம் பக்கத்துப் பக்கத்தில் இருந்தது. நடுவில் ஒரு கிணறு. ஒரு நாள் நீ இறைத்தால் ஒரு நாள் நான் என்று தகராறில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. சர்வேக்காரர் வந்து அளந்துவிட்டுப் போன பிறகு, தாலுகா ஆபீஸில் அப்பாவைக் கூப்பிட்டு ஒரு நீள வாக்கியம் சொல்லி அனுப்பினார்கள். அப்பா அதைச் சிந்தாமல் கொண்டுவந்து பெரியப்பா முன்னால் ஒப்பித்தார். நான் அப்போது பாவாடை கட்டிக்கொண்டிருந்த பிள்ளை, அப்பாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பெரியப்பா இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். கேட்டுவிட்டுக் கிணறு இருக்கிற பக்கம் பார்த்தார். பிறகு, “கெணறு முச்சூடும் உன்ற பாகத்துல வருதாமப்பா. எனக்கு அதுல பாத்தியம் இல்லைங்கறாங்க” என்றார்.

அப்பாவுக்கு அந்த வாக்கியத்தில் ஓர் எழுத்தும் தெரியாது. பெரியப்பா தனக்கு வேண்டியபடி எதையாவது சொல்லியிருந்தால் அப்பா தலையை ஆட்டிவிட்டு வந்திருப்பார். கிணறு எப்போதும்போல இரண்டு பேருக்குமே இருக்கட்டும் என்று அப்பா அங்கேயே சொல்லிவிட்டார், அது வேறு விஷயம். கொண்டுவந்து கொடுத்த வாக்கியத்துக்கு அர்த்தம் மாற்றிச் சொன்னவர் என்று எங்கள் பக்கத்தில் நான் யாரையும் கேள்விப்பட்டதில்லை.

அந்தப் பெரியப்பாவின் மகள்தான் சரசக்கா.

3

நாங்கள் இரண்டு பேரும் பாலக்காட்டில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் வார்டு உதவிக்கு இருந்தோம். அங்கிருந்த மதர் வருஷத்துக்கு ஓரிரண்டு பெண்களை இத்தாலியில் ஒரு முதியோர் இல்லத்துக்கு அனுப்புவார். அங்கே கொஞ்ச நாள் வேலை பார்த்து, பாஷை பழகி, பொறுப்பாக இருந்தால் நர்ஸ் படிப்புக்குச் சிபாரிசு செய்வார்கள் என்று ஏற்பாடு. அக்கா முன்னால் போனாள். எழுபத்தொன்றில் நான் போனேன். அக்கா அங்கே இருக்கிறாள் என்ற ஒரே தைரியத்தில்தான் அப்பா என்னை அனுப்பினார்.

ஸ்டேஷனுக்கு அக்கா வந்திருந்தாள். தான் போட்டிருந்த கோட்டைக் கழற்றி எனக்குப் போர்த்திவிட்டு, இல்லம் வரைக்கும் நடுங்கிக்கொண்டே வந்தாள். இதையும் சொல்லத்தான் வேண்டும். அவளிடம் அன்பு இல்லை என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை.

அந்த வாரமே இல்லத்தின் தலைவி எங்கள் இரண்டு பேரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். வெள்ளைத் தலை, கழுத்தில் மூக்குக்கண்ணாடிச் சங்கிலி. என்னைப் பார்த்து, “கே கோசா வொர்ரெப்பே ஃபாரே?” என்றார். அக்கா என் பக்கம் திரும்பி, “நீ என்னவாகோணும்னு நெனைக்கறேன்னு கேக்கறாங்க அம்முணி” என்றாள்.

என்னை யாரும் கேட்காத கேள்வி. “நர்ஸ் படிக்கோணுங்க்கா. லாரியில அடிபட்டு வாளையார்லருந்து ஆளுகளக் கொண்டாருவாங்கல்ல, பிடிச்சுக்கறக்குத்தான் எனக்குத் தெரியும், ஒரு ஊசி போடறக்குத் தெரியாது. படிச்சு முடிச்சு நம்மூருக்கே போயிரோணும். ராத்திரி பிரசவம்னா நம்ம பக்கம் ஆரு இருக்கறா? நான் இருக்கோணும். இதையெல்லாம் சொல்லுக்கா, ஒண்ணும் உடாம சொல்லு” என்றேன்.

அக்கா ஜன்னலைப் பார்த்தாள். பிறகு தலைவியைப் பார்த்துச் சொன்னாள்: “நோன் ஆ பிரெத்தேஸே. லே பஸ்தா லவொராரே.”

அவ்வளவுதான். நான் அவ்வளவு பேசியதற்கு இவ்வளவுதானா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. இத்தாலியன் ரொம்பச் சிக்கனமான பாஷை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். தலைவி என்னைப் பார்த்து மிகவும் திருப்தியாகச் சிரித்தார். நானும் சிரித்தேன். அப்பாவின் மகள்தானே, அந்த இரண்டு வாக்கியங்களையும் ஓசை மாறாமல் மனசில் வாங்கிக்கொண்டேன். என் வாழ்க்கையை மாற்றப்போகிற வாக்கியம், அது என் ஞாபகத்தில் இருக்கட்டும் என்று நினைத்தேன். மாற்றத்தான் செய்தது. யாரிடமும் அர்த்தம் கேட்கத் தோன்றவில்லை. அர்த்தம் கேட்கவேண்டிய ஆளே சொன்ன வாக்கியம் அது.

4

அந்த வருஷம் சிபாரிசுக்கு ஒரே ஓர் இடம்தான் இருந்ததாம். அக்காவுக்குக் கிடைத்தது. அடுத்த வருஷம் உனக்குத்தான் என்றாள். அவளுக்காக நான் இல்லத்துச் சமையலறையில் கெஞ்சி அரிசியும் பாலும் வாங்கிப் பாயசம் வைத்தேன். அக்கா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, பயணக் கவலையில் வயிறு சரியில்லை என்று தம்ளரைக் கீழே வைத்தாள். பாவம், புது இடத்துக்குப் போகிறாள் என்று நான் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன்.

என்னைச் சலவைப் பகுதியில் போட்டார்கள். அந்த இல்லத்துச் சலவைக்கே நர்ஸ் பள்ளிக்கூடத்துத் துணிகளும் வரும். அக்காவின் வெள்ளை உடுப்பைக் காலரில் தைத்திருந்த பெயரைப் பார்த்துத் தனியே எடுத்து, மற்றவற்றைவிட நன்றாகக் கஞ்சி போட்டுத் தேய்த்து அனுப்புவேன். நம்ம பிள்ளை உடுப்பு மொடமொடவென்று இருக்கட்டும் என்ற பெருமை.

அடுத்த வருஷம் வந்தது, போனது. நான் கேட்டபோதெல்லாம் அக்கா பொறு என்றாள். போலீஸ் ஆபீஸில் வருஷாவருஷம் தங்கும் அனுமதியைப் புதுப்பிக்கவேண்டும். விடிகாலையிலிருந்து வரிசை. அதில் என் தொழில் வேலைக்காரி என்று இருந்தது. படிப்புக்கு மாற்றிக்கொள்ளலாமா என்று எழுதிக் காட்டினால், பள்ளிக்கூடத்திலிருந்து கடுதாசி கொண்டா என்றார்கள். பள்ளிக்கூடத்தில், போலீஸ் அனுமதி இருந்தால்தான் கடுதாசி என்றார்கள். இரண்டு இடத்திலும் மரியாதையாகத்தான் பேசினார்கள், என் பெயரை மட்டும் ஒருவராலும் சொல்லமுடியவில்லை. மரகதம் என்பது அப்படி என்ன கஷ்டமான பெயரோ தெரியவில்லை.

பாஷையும் அரைகுறை. வேலை முடிந்து கிளம்பும்போது, எங்கள் பக்கத்து வழக்கப்படி, போய்விட்டு வருகிறேன் என்பதை அப்படியே இத்தாலியனில் சொல்லிவிட்டுப் போவேன். ஒரு கிழவி, தொண்ணூறு வயசுக்காரி, அதை நம்பி நாற்காலியை விட்டு எழாமல் நான் திரும்பி வருவேன் என்று காத்துக்கொண்டே இருந்திருக்கிறாள். மறுநாள் என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சொன்னால் வரவேண்டும் என்று அவள் கோபப்பட்டது எனக்கு நியாயமாகவே பட்டது.

5

தொழிலாளிகளுக்கென்று சாயங்கால வகுப்பு ஆரம்பித்தார்கள். சின்னப் பிள்ளைகள் பெஞ்சில் முட்டி இடிக்க உட்காரவேண்டும். என்னோடு படித்தவர்கள் பெரும்பாலும் இத்தாலியின் தெற்கிலிருந்து இங்கே தொழிற்சாலைக்கு வந்தவர்கள். அவர்களையும் இந்த ஊர்க்காரர்கள் எங்களைப் பார்ப்பதுபோலத்தான் பார்த்தார்கள். வாத்தியார் தாடி வைத்த இளைஞர்.

ஒரு நாள் பாடம், எதிர்காலத்தைப் பற்றி ஒருவரை ஒருவர் கேட்பது. வாத்தியார் கரும்பலகையில் கேள்வியை எழுதினார். கே கோசா வொர்ரெப்பே ஃபாரே. அதைப் பார்த்ததுமே எனக்குத் தலைவியின் கண்ணாடிச் சங்கிலி ஞாபகம் வந்தது. பக்கத்து பெஞ்சில் இருந்த கொத்தனார் ஒருவரிடம் கேட்டார்கள். அறுபதை நெருங்கியவர், உள்ளங்கை முழுக்க வெடிப்பு. அவர் சிரித்துக்கொண்டே, “இயோ? நோன் ஓ பிரெத்தேஸே” என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

நான் சிரிக்கவில்லை. கையைத் தூக்கி அதற்கு அர்த்தம் கேட்டேன். பெரிதாக எதையும் எதிர்பார்க்கவில்லை, கிடைத்தது போதும் என்று அர்த்தம் என்றார் வாத்தியார். நான் எழுந்து நின்று, இத்தனை நாள் வைத்திருந்த இரண்டு வாக்கியங்களையும் ஒப்பித்தேன். அப்பா பெரியப்பா முன்னால் நின்றதுபோலத்தான் நின்றிருப்பேன். வாத்தியார் எனக்குப் புரிகிற மாதிரி நிதானமாக, சின்ன வார்த்தைகளில் சொன்னார். அவளுக்கு எதிர்பார்ப்பு ஒன்றும் கிடையாது. செய்வதற்கு ஒரு வேலை இருந்தால் அவளுக்குப் போதும்.

யாரைப் பற்றிச் சொன்னது என்று கேட்டார். எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணைப் பற்றி என்றேன்.

படிப்புக்கான இடம் அக்காவுக்குப் போனதுகூடப் பரவாயில்லை. இவளும் கேட்கிறாள், நானும் கேட்கிறேன் என்று சொல்லியிருந்தால் போதும். தலைவியே பார்த்து அவளுக்குக் கொடுத்திருந்தால் அப்போதும் பாயசம் வைத்திருப்பேன். நான் முன்னால் நிற்கும்போதே, என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, என் வாயிலிருந்து வந்ததைக் கீழே போட்டுவிட்டு வேறு ஒன்றை எடுத்துக் கொடுத்தாளே, அதைத்தான் என்னால் தாங்கமுடியவில்லை. அந்தப் பெரியப்பாவின் மகள்.

ஏன் அப்போதே போய்க் கேட்கவில்லை என்று நீங்கள் கேட்கலாம். கேட்கத்தான் டிராம் ஏறினேன். அக்கா கதவைத் திறந்து, “வாம்முணி, உண்டுட்டியா?” என்றாள். அந்த ஊரில் என்னிடம் அப்படிக் கேட்க வேறு ஆள் கிடையாது. ஒரு வாரம் முழுக்க யாருக்கும் புரியாத ஆளாக இருந்துவிட்டு, அந்தக் கேள்விக்காகத்தான் நான் அவள் வீட்டுக்குப் போவேன். உட்கார்ந்து உண்டேன். ஊருக்கு எழுதவும் இல்லை. எழுதினால் பெரியப்பாவின் காதுக்குப் போகும். வருஷங்கள் ஓடின. அக்காவுக்குக் கல்யாணமானது, லீசா பிறந்தாள். நான் தேய்த்த துணிகளில் லீசாவின் தொட்டில் துணியும் சேர்ந்தது. நர்ஸ் பள்ளிக்கூடத்துக்கு என் வயசும் தாண்டிவிட்டது.

6

இனி போன ஞாயிற்றுக்கிழமை. லீசா கரண்டியை என் வாய்க்கு நேராக நீட்டி, “சீயா, பெரியவளானதும் நீ என்ன செய்யப்போறே?” என்று அவள் பாஷையில் கேட்டாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா அடுப்பங்கரையிலிருந்தே இத்தாலியனில் பதில் சொன்னாள். “சித்தி இப்படியே நல்லாத்தான் இருக்கறா. வேறொண்ணும் வேண்டாம் அவளுக்கு.” குழம்பைக் கிளறிக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. பழக்கமாகிவிட்டது.

“என்னைக் கேட்டாள், நான் சொல்கிறேன்” என்றேன் இத்தாலியனில். லீசா பக்கம் குனிந்து, கரண்டியைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். நர்ஸ் ஆகவேண்டும், ஊசி போடக் கற்றுக்கொள்ளவேண்டும், எங்கள் ஊர் ரொம்பத் தூரத்தில் இருக்கிறது, அங்கே ராத்திரி குழந்தை பிறந்தால் பார்க்க ஆளில்லை, நான் அங்கே போய் இருக்கவேண்டும். அன்றைக்குச் சொன்ன எதையும் விடவில்லை. தப்பும் தவறுமாகத்தான் பேசியிருப்பேன், ஆனால் அவளுக்குப் புரிந்தது. கண்ணை அகட்டிக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “ஆனா நீ இப்பவே பெரியவதானே?” என்றாள்.

அக்கா அடுப்பை அணைத்தாள். கையிலிருந்த துணியைத் துவைப்பதுபோலப் பிசைந்தாள். நான் அவள் பக்கம் திரும்பி, அவள் குரலில், அவள் நிறுத்திய இடத்தில் நிறுத்தி, அந்த இரண்டு வாக்கியங்களையும் சொன்னேன்.

“நோன் ஆ பிரெத்தேஸே. லே பஸ்தா லவொராரே.”

அக்கா நாற்காலியில் உட்கார்ந்தாள். “எப்பருந்து தெரியும்?” என்றாள் தமிழில்.

லீசா பிறப்பதற்கு முன்னாலிருந்தே என்றேன்.

“ஒரே எடந்தான் இருந்துச்சு மரகதம். நான் ஒரு வருசமா அதுக்குக் காத்துக் கெடந்தேன். நீ அவ்வளவு நல்லாச் சொன்னே. அதய அப்படியே சொல்லியிருந்தா உனக்குத்தான் குடுத்திருப்பாங்க.” அம்முணி என்று சொல்லாமல் அவள் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. பிறகு, “தெரிஞ்சப்பவே கேட்டிருக்கலாமில்ல? ரெண்டு அறை அறைஞ்சிருக்கலாமில்ல?” என்றாள்.

“கேட்டுப்போட்டு, அப்பறம் நான் ஆருகூடக்கா தமிழ் பேசறது?” என்றேன்.

அக்கா முகத்தை மூடிக்கொண்டாள். எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்தது, ஆனால் போய் அவள் தோளைத் தொடத் தோன்றவில்லை. லீசாவுக்கு நாங்கள் பேசியது எதுவும் புரியவில்லை. அம்மா முகத்தையும் என் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தாள். அக்காவின் மடியில் கையை ஊன்றிக்கொண்டு, “மம்மா, சீயா என்ன சொன்னாங்க?” என்று கேட்டாள்.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு மகளின் தலைமயிரை ஒதுக்கிவிட்டாள். ஜன்னல் பக்கம் பார்த்தாள்.

“நியெந்தே” என்றாள்.

நான் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். வாசலில் நின்று, போய்விட்டு வருகிறேன் என்று சொல்லவில்லை. அக்கா சொன்ன அந்த ஒரு வார்த்தைக்கு ஒன்றுமில்லை என்று அர்த்தம். இந்தத் தடவை நான் அதை யாரிடமும் கொண்டுபோய்க் கேட்கவேண்டியிருக்கவில்லை.